ஊசி போட்ட மறுநாள்

கருப்பண்ணன் கையால் ஊசி வாங்காத கோழி எங்கள் பண்ணையில் கிடையாது. கருப்பண்ணனுக்கு இதுவரை யாருமே ஊசி போட்டதில்லை என்பது எனக்குத் தெரிய வந்தது ஒரு படிவத்தால்.

பண்ணை நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. முதலாளி நசுருல்லா பாய் சேலத்துக்காரர். அஸ்தம்பட்டியில் ஆபீஸ். முட்டை மஸ்கட்டுக்குப் போகிறது. இரண்டாம் அலை அடங்கியிருந்த நேரம் அது. மஸ்கட்டில் வாங்குகிறவர்கள் மெயில் போட்டிருந்தார்கள்: முட்டையைத் தொடுகிற ஆட்களில் எத்தனை பேர் கொரோனா தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்று விவரம் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கன்டெய்னர் வேண்டாம்.

பாயின் மகள் ஷைமா எம்.பி.ஏ. முடித்துவிட்டு ஆபீஸில் ஆட்கள் விவகாரம் பார்க்கிறாள். அவள் கூகுளில் ஒரு படிவம் தயாரித்து எனக்கு அனுப்பினாள். நான் என்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டவன். முழுதாகப் படித்தவன் தீவன மில்லில் நைட் ஷிப்ட் பார்க்க மாட்டான். படிக்காதவனுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது. பாதியில் விட்டவன்தான் இரண்டுக்கும் தோது.

காலையில் ஷிப்ட் முடிந்து தூங்கப் போன என்னைத் திருப்பிக் கூட்டி வந்து முட்டை ரூமில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லச் சொல்ல நான் போனில் தட்ட வேண்டும். முதல் கேள்வி: தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? அதற்குப் பதில் நான்கு கொடுத்திருந்தாள். இரண்டு டோஸ், ஒரு டோஸ், போடவில்லை, சொல்ல விருப்பமில்லை.

அந்த நாலாவதை எதற்குச் சேர்த்தாள் என்று தெரியவில்லை. ஏதாவது வெளிநாட்டுப் படிவத்தைப் பார்த்துச் சேர்த்திருப்பாள். எங்கள் ஆட்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. முட்டையைத் தரம் பிரிக்கும் சென்னியம்மாள் இரண்டு டோஸும் போட்டு, சர்டிபிகேட்டை லேமினேட் செய்து, ஒயர் கூடையில் வைத்திருந்தாள். என்னிடம் எடுத்துக் காட்டினாள். பக்கத்தில் நின்றவர்களுக்கும் காட்டினாள். நான் முதல் பதிலை அமுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலாவதப் போடு சாமி. நம்ம பெருமைய நாமளே சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாது.”

போடாதவர்களும் நாலாவதைத்தான் கேட்டார்கள். ‘போடவில்லை’ என்று சொன்னால் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்று பயம். ஆக, போட்டவர்கள் அடக்கத்தாலும் போடாதவர்கள் பயத்தாலும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். நான் திருத்தவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது.

கடைசியாகக் கருப்பண்ணன் வந்தார். ஊசிக் கேங்குக்கு அவர்தான் தலை. மற்றவர்கள் கோழி பிடித்து நீட்டுவார்கள். ஊசி போடுவது அவர் ஒருவர்தான். பிடிக்கிறவர்களில் தங்கமுத்து கெட்டிக்காரன். கோழியை எட்டிப் பிடித்து, இரண்டு இறக்கையையும் முதுகுப் பக்கம் சேர்த்து ஒரு கையில் அடக்கி, மறு கையால் கண்ணை மூடி, நெஞ்சைத் திருப்பி நீட்டுவான். கண் இருட்டானால் கோழி பேசாது. கருப்பண்ணன் கோழியின் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை. சிரிஞ்சு போகும், வரும். ஊசி இறங்கியது கோழிக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரியும்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. புதிதாக வருகிற ஆளுக்கெல்லாம் சொல்லுவார். ஒன்று, ஒரு கோழி தப்பினாலும் ஷெட் முடியவில்லை. யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இரண்டு, ஊசி போட்ட மறுநாள் ஷெட்டுக்குள் போய்ப் பார். ஊசி பட்ட கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு சோர்ந்து நிற்கும், தீவனத்தைத் தொடாது. தொட்டியில் முட்டி மோதித் தின்கிற கோழி, ஊசி படாத கோழி. அதைப் பிடி.

சிரிஞ்சு பிடிக்கிறவருக்குக் கூலி கொஞ்சம் கூடுதல். அதைவிடப் பெரிது, மற்றவர்கள் அவர் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். தங்கமுத்துவுக்கு அந்தச் சிரிஞ்சின் மேல் ஒரு கண் உண்டு. அவன் அதை மறைத்ததும் இல்லை.

கருப்பண்ணன் ஸ்டூலுக்கு முன்னால் நின்று, இரண்டும் போட்டாச்சு என்றார். கோவிஷீல்டா, கோவாக்சினா என்று கேட்டேன். அதில் பெரியது என்றார். எங்கே போட்டீர்கள் என்றேன். நான் கேட்டது ஊர். அவர் தயங்காமல் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

நாலாவதைப் போட்டு அனுப்பினேன்.

மறுநாளே ஷைமா போனில் கூப்பிட்டாள். முக்கால்வாசிப் பேர் சொல்ல விருப்பமில்லை என்று சொல்லியிருப்பதாகவும், மஸ்கட்டுக்கு இதை எப்படி அனுப்புவது என்றும் கேட்டாள். நீங்கள்தானே மேடம் அந்தப் பதிலைக் கொடுத்தீர்கள் என்றேன். அது தனிமனித உரிமை என்றாள். அவளுக்குப் பின்னால் பாயின் குரல் கேட்டது. போன் கை மாறியது.

“டேய், எல்லாருகிட்டயும் சொல்லு. சொல்ல விருப்பமில்லைன்னா வேலைக்கு வர விருப்பமில்லைன்னு அர்த்தம். சனிக்கிழமை பண்ணைக்கே நர்ஸ் வருது. போடாதவன் திங்கக்கிழமை கேட்டுக்கு வெளிய நிக்கட்டும்.”

சொன்னேன். சென்னியம்மாள் உட்பட நிறையப் பேர் அரைமணி நேரத்தில் சர்டிபிகேட்டோடு வந்து நின்றார்கள். அடக்கமெல்லாம் போய்விட்டது. மற்றவர்கள் சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்தார்கள். கருப்பண்ணன் இரண்டு வரிசையிலும் நிற்கவில்லை.

மத்தியானம் நான் படுத்திருந்த இடத்துக்கே வந்து எழுப்பி, மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே மோட்டார் சத்தத்தில் பேசினால் வெளியே கேட்காது.

“நவீனு, நீ எஞ்சினியருக்குப் படிச்சவன். அந்தச் சர்டிபிகேட்டு ஒண்ணு கம்ப்யூட்டர்ல நீயே அடிச்சுத் தர முடியாதா சாமி?”

முடியாது என்றேன். நேர்மையால் இல்லை. அதைச் செய்யத் தெரிந்திருந்தால் நான் ஏன் தீவனம் அரைக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒன்றாம் வகுப்பில் ஊசி போட ஜீப் வந்த அன்று சுவர் ஏறிக் குதித்தவர், ஜீப் போன பிறகும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. ஒருமுறை நாய் கடித்தது. மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, அது நாய் இல்லை, முள்கம்பி என்று சொல்லிவிட்டார். மனைவி நூறு நாள் வேலைக்குப் போன இடத்திலேயே இரண்டு டோஸும் போட்டுக்கொண்டாள். நீங்கள் எப்போது என்று அவள் கேட்டபோது பண்ணையில் போட்டார்கள் என்றார். பண்ணையில் கேட்டபோது ஊரில் போட்டேன் என்றார். இப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமில்லை.

இத்தனை கோழிக்குப் போடுகிறவருக்கு என்ன பயம் என்று கேட்டேன்.

“போடறதுனாலதான் பயம். மத்தவனுக்கு ஊசி என்ன பண்ணும்னு தெரியாது, கைய நீட்டறான். சில கோழி அப்பிடியே கையிலயே தலைய சாய்ச்சிருமப்பா. எதுக்குன்னு எந்த டாக்டருக்கும் தெரியாது. நான் பாத்துப்போட்டுத் தூக்கி அக்கட்ட வீசீட்டு அடுத்த கோழிய எடுப்பேன்.”

வீசுகிற மாதிரி கையைக் காட்டினார்.

“தங்கமுத்துக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது. ஊசிக்குப் பயந்தவன் கையில சிரிஞ்சு எதுக்குங்கன்னு கேப்பான்.”

நான் போய்ப் படுத்துவிட்டேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. பாய்க்குப் போன் போட்டு, இத்தனை வருடத்தில் கோழிக்குப் போடும் ஊசி தவறித் தன் விரலில் எத்தனையோ முறை குத்தியிருக்கிறது, அதனால் கோழிக்கு வருகிற வெள்ளைக்கழிச்சல் உட்பட எல்லா நோய்க்கும் தன் உடம்பில் ஏற்கெனவே மருந்து இருக்கிறது என்று விளக்கினார். பாய் வியாபாரி. பேச்சில் ஏதாவது விஷயம் இருக்குமோ என்று கோழி டாக்டரைக் கேட்டார். கருப்பண்ணனுக்கு வெள்ளைக்கழிச்சல் வராது, ஊசி போடாவிட்டாலும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் நர்ஸ் அறிவுச்செல்வி ஸ்கூட்டியில் வந்தார். நீல நிற ஐஸ் பெட்டி. எங்கள் கோழி மருந்துக்கும் அதே பெட்டிதான். முட்டை ரூமில் மேஜை போட்டுக் கொடுத்தோம். பாயும் ஷைமாவும் சேலத்திலிருந்து காரில் வந்திருந்தார்கள்.

ஆரம்பத்திலேயே ஒரு தகராறு. பண்ணையில் நெட் எடுக்கவில்லை. ஆதார் நம்பரை எழுதிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் ஏற்றுவதாகவும், சர்டிபிகேட் வர மூன்று நான்கு நாள் ஆகும் என்றும் அறிவுச்செல்வி சொன்னார். அப்படியானால் திங்கட்கிழமை கேட்டில் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று ஷைமா கவலைப்பட்டாள். பாய் கவலைப்படவில்லை. கோழிக்கு எப்படியோ அப்படியே ஆளுக்கும் என்றார். வளரும் கோழிகளின் ஷெட்டில் ஊசி பட்ட கோழிக்குக் கழுத்தோரம் ஒரு சொட்டு நீலச் சாயம் வைப்போம், பட்டதும் படாததும் கலந்துவிடாமலிருக்க. ஊசி போட்டவன் மணிக்கட்டில் அந்தச் சாயத்தில் ஒரு பொட்டு. சர்டிபிகேட் வரும்வரை அதுதான் பாஸ். அத்தா, இது மனித உரிமை மீறல் என்றாள் ஷைமா. ஓட்டுப் போட்டால் மை வைக்கவில்லையா என்றார் பாய்.

சாயம் வழக்கமாக யார் பொறுப்பில் இருக்கும் என்று கேட்டார். என் பொறுப்பில்தான் மொதலாளி என்று கருப்பண்ணன் முன்னால் வந்து நின்றார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்திருந்தது.

கிண்ணத்தில் சாயத்தைக் கலக்கினார். குச்சி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது போல முதல் பொட்டைத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டார். பெரிய பொட்டு. பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஊசி போட்டு எழுந்து வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக வைத்தார். ஊசி இறங்கும் நேரத்தில் மட்டும் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டார். மற்ற நேரமெல்லாம் வாய் ஓயவில்லை. தங்கமுத்து சட்டைக் கையைச் சுருட்டும்போது கண்ணை இறுக்கி மூடினான்.

“ஏண்டா தங்கமுத்து, கோழி உன்னையவிடத் தேவலயாட்ட இருக்குது. அது ஒருக்கா கத்தீட்டு அதோட உட்டுரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கமுத்துவும் சிரிக்க முயன்றான். எனக்கும் போட்டார்கள். பொட்டு வைக்கும்போது கருப்பண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சர்டிபிகேட் வராதே, அப்போது என்ன செய்வீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அதுக்குள்ள கொரோனாவே போயிரும் என்றார். கடைசியில் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்த அறிவுச்செல்விக்கும் பழக்கதோஷத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

போகும்போது பாய் நாளைக்கு எல்லோருக்கும் பிரியாணி அனுப்புவதாகச் சொன்னார். கைதட்டினார்கள். அப்போது கை வலிக்கவில்லை.

இரவிலேயே ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்ணையைப் பார்க்கச் சகிக்கவில்லை. கோழிக்கு லீவு கிடையாது என்பதால் ஆட்கள் வந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒருவன் தீவனப் பக்கெட்டைத் தூக்க முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். ஒருவன் துண்டைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நின்றான். தங்கமுத்துவுக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. நான் முட்டை அட்டைகளின் மேல் படுத்திருந்தேன். எனக்கு ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக வலித்தது.

கருப்பண்ணன் மட்டும் சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு வந்தார். ஒரு தீவன மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எங்கள் முன்னால் இரண்டு தடவை நடந்தார். அந்தக் காலத்து உடம்பு என்றார். இந்தக் காலத்து உடம்பெல்லாம் தீவனமே சரியில்லாமல் வளர்ந்தது என்றார்.

மத்தியானம் பாய் சொன்னபடி தேக்சாப் பாத்திரம் வந்தது. மட்டன் பிரியாணி. சர்டிபிகேட் வைத்திருந்தவர்கள் முதலில் தின்றுவிட்டு ஷெட்டுக்குப் போனார்கள். நீலப் பொட்டுக்காரர்கள் முட்டை ரூம் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். சென்னியம்மாள் பரிமாறினாள். யாருக்கும் இறங்கவில்லை. ஒருவன் ஒரு வாய் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். மற்றவர்கள் சோற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டையே வாங்கவில்லை.

கருப்பண்ணன் முதல் தட்டை முடித்தார். தேக்சாவை இழுத்து அவரே இரண்டாவது தட்டு போட்டுக்கொண்டார். எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சினார். பக்கத்துத் தட்டில் கிடந்த கறியைப் பார்த்து, நீ திங்கலீன்னா குடு என்று எடுத்துக்கொண்டார். மூன்றாவது தட்டுக்குக் கரண்டியை நீட்டினார்.

அப்போது ரூமில் அவர் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் தங்கமுத்து நிமிர்ந்தான். அப்புறம் ஒவ்வொருவராக. சுவரில் சாய்ந்து துண்டைப் போர்த்திக்கொண்டு வாடிக்கிடந்த அத்தனை பேரும், தொட்டியில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்த ஒரே ஆளைப் பார்த்தார்கள். அந்தச் சட்டத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கருப்பண்ணனுக்கும் உறைத்தது. கை அப்படியே கரண்டியோடு நின்றது. நீலப் பொட்டு எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது.

தங்கமுத்து எழுந்தான். பாய்க்கு ஒரு போன் போட்டால் போதும், நாளையிலிருந்து சிரிஞ்சு அவன் கையில். அவன் சட்டைப்பையில் போன் இருந்தது. கருப்பண்ணன் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா,” என்றான் தங்கமுத்து. “ஷெட்டு முடியலீங்க.”

கருப்பண்ணன் கரண்டியைத் தேக்சாவில் வைத்தார்.

அன்று பரமத்தி வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம் நடந்துகொண்டிருந்தது. முட்டை வேனில் போனோம். டிரைவருக்கும் காய்ச்சல் என்பதால் வண்டி சைக்கிள் வேகத்தில் போனது. வழியெல்லாம் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அதற்குத் தெம்பு இல்லை. நாலு ரோட்டில் வண்டி நின்றபோது கருப்பண்ணன் ஒருமுறை கதவைப் பார்த்தார். தங்கமுத்து நகர்ந்து கதவுப் பக்கம் உட்கார்ந்தான்.

பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கியதும் அவர் சுவரை ஏற இறங்கப் பார்த்தார். நல்லவேளையாகச் சுவர் உயரம். உள்ளே மேஜையில் அறிவுச்செல்வியேதான் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் பொட்டு இன்னும் போகவில்லை. கருப்பண்ணனையும் அவர் கையிலிருந்த பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நேத்து எனக்கே சாயம் வெச்சு அனுப்புனவரு நீங்கதானே?”

ஆமாங்க என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அறிவுச்செல்வி கையைத் தளர்த்தச் சொன்னார். கை பலகை மாதிரி இருந்தது. பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்றார் அறிவுச்செல்வி. கருப்பண்ணன் திரும்பித் தங்கமுத்துவைப் பார்த்தார். குரல் அடங்கிப்போயிருந்தது.

“புடிடா.”

“எப்பிடிங்ணா?”

“கோழிய எப்பிடிப் புடிப்பியோ அப்பிடி.”

தங்கமுத்து அவர் பின்னால் போய் நின்றான். வலிக்கிற கையை முனகிக்கொண்டே தூக்கி, அவருடைய இரண்டு முழங்கையையும் முதுகுப் பக்கம் சேர்த்து அடக்கினான். மறு கையால் கண்ணை மூடினான். கருப்பண்ணன் ஒரு தடவை உதறினார். அப்புறம் அடங்கிவிட்டார். அறிவுச்செல்வி எழுந்து சுற்றி வந்து தோளில் பஞ்சால் துடைத்தார்.

“அம்மணி, யோசிக்காதீங்க,” என்றார் கருப்பண்ணன் இருட்டுக்குள்ளிருந்து. “யோசிச்சாத்தான் அதுக்குத் தெரியும். சட்டுனு—”

“எந்திரிங்க. அடுத்த ஆளு வரட்டும்.”

“போடுங்கன்னு சொல்றேன்.”

“போட்டாச்சுங்க.”

தங்கமுத்து கையை எடுத்தான். கருப்பண்ணன் தோளைப் பார்த்தார், சிரிஞ்சைப் பார்த்தார், மறுபடி தோளைப் பார்த்தார். கொஞ்சம் கழித்துத்தான் கத்தினார்.

திங்கட்கிழமை காலையில் கேட்டில் ஷைமாவே நின்று மணிக்கட்டுகளைப் பார்த்து உள்ளே விட்டாள். கருப்பண்ணனின் பொட்டுதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது. அதில் இப்போது பொய் எதுவும் இல்லை. உள்ளே வந்தவர் நேராக மருந்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்தார். காய்ச்சல் அனலாக அடித்தது.

அன்று ஒரு ஷெட்டுக்கு ஊசி முறை. தங்கமுத்து சிரிஞ்சை எடுத்துக்கொண்டு போனான். போன கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து திட்டுச் சத்தம் வர ஆரம்பித்தது. அவன் இடத்தில் கோழி பிடிக்க நின்றவன் ஒற்றை இறக்கையைப் பிடிக்கிறான், கண்ணை மூட மறக்கிறான், கோழியை முதுகைக் காட்டி நீட்டுகிறான். மத்தியானத்துக்குள் தங்கமுத்து திரும்பி வந்து சிரிஞ்சை ஃப்ரிட்ஜின் மேல் டங்கென்று வைத்தான்.

“நான் ஊசி போட்டா என்னயாட்டப் புடிக்கறதுக்கு எவன் இருக்கறான்? நீங்க எந்திரிச்சு வாங்க, அப்பறம் பாத்துக்கலாம்.”

கருப்பண்ணன் சாக்கிலிருந்தபடி ம் என்றார்.

சென்னியம்மாள் நேற்று மிஞ்சிய பிரியாணியைச் சூடு பண்ணி ஒரு தட்டில் கொண்டுவந்து அவர் மூக்குக்குக் கிட்ட நீட்டினாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“தீவனம் எடுக்கல. நல்லா ஏறியிருக்குது.”

சாயங்காலம் ஷைமா என் போனுக்கு இன்னொரு படிவம் அனுப்பினாள். தடுப்பூசிக்குப் பின் உங்கள் உடல்நிலை எப்படி உள்ளது? பதில் நான்கு. நலம், காய்ச்சல், கைவலி, சொல்ல விருப்பமில்லை. அவள் திருந்தவில்லை.

ஃப்ரிட்ஜ் பக்கம் போய் முதல் ஆளாகக் கருப்பண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் திறக்காமல், ஊசி போட்ட கையைத் தூக்க முடியாமல், மறு கையைச் சாக்குக்கு வெளியே நீட்டி நாலு விரலைக் காட்டினார்.